எந்தத் தலைப்பின் கீழ் இடுவது?

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், எனக்கு முதன்முதலாக ஒப்படைக்கப்பட்ட வேலை மரண அறிவித்தல்களை ஒப்புநோக்குவது. ஆசிரியர் தலையங்கம் எழுதும் கனவோடு கலைமாணிப் பட்டத்தையும் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு அது சற்று அவமானமாகவே இருந்தது. ‘அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மகளும்’ என்ற வரியில் ஒற்றெழுத்து விடுபட்டிருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயினும் நாட்டைப் பற்றி அந்தப் பக்கம் எனக்குக் கற்பித்ததைப் பல்கலைக்கழகம் கற்பிக்கவில்லை என்றே இன்றும் சொல்வேன்.

ஒரே பக்கத்தில் சைவர் சிவபதம் அடைவார், கிறிஸ்தவர் கர்த்தருக்குள் நித்திரை அடைவார், முஸ்லிம் வபாத்தாவார். ஒருவரின் பூதவுடல் சுடலைக்குச் செல்லும், மற்றொருவரின் உடல் சேமக்காலைக்கு, மூன்றாமவரின் ஜனாஸா மையவாடிக்கு. பிறப்பிடம், வதிவிடம் என்ற இரண்டு சொற்களுக்கு இடையில் ஓர் இனத்தின் இடப்பெயர்வு முழுவதும் அடங்கியிருக்கும். மன்னார் எருக்கலம்பிட்டியைப் பிறப்பிடமாகவும் புத்தளத்தை வதிவிடமாகவும் கொண்ட ஒருவர் இறந்தார் என்று வாசித்தால், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய கதையை அதற்குமேல் எவரும் சொல்லத் தேவையில்லை. தந்தையின் கபுறு ஒரு கரையிலும் மகனின் கபுறு மறு கரையிலுமாகப் போன குடும்பங்கள் அவை.

அப்படி ஒரு நாள், எங்கள் தீவைச் சேர்ந்த ஒரு தாய் அலுவலகத்திற்கு வந்தார். கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, செஞ்சிலுவைச் சங்கத்திற்கும் மனித உரிமை அலுவலகங்களுக்கும் நடந்துகொண்டிருந்தவர். கைக்குட்டையில் முடிந்த பணமும் ஒரு புகைப்படமும் கொண்டுவந்திருந்தார். பத்தொன்பது வயதில் மகனைக் கொண்டுபோனார்கள். பிறகு தகவல் இல்லை. படத்தைப் பத்திரிகையில் போட வேண்டும் என்றார். எங்களிடம் நான்கு தலைப்புகள் இருந்தன: மரண அறிவித்தல், நினைவஞ்சலி, நன்றி நவிலல், வாழ்த்து. எந்தத் தலைப்பின் கீழ் இடுவது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“செத்தவன் எண்டு போடாதேங்கோ தம்பி. இருக்கிறான் எண்டு சொல்லவும் எனக்குத் தெரியாது. நாளைக்கு அவனுக்குப் பிறந்தநாள்,” என்றார்.

மேலாளரிடம் கொண்டுபோனேன். இல்லாத தலைப்பை எங்கிருந்து கொண்டுவருவது என்று அவர் சலித்துக்கொண்டார். பின்னர் அவரே ‘வாழ்த்து’ என்று எழுதிக் கீழே அனுப்பினார். மறுநாள் கேக் வெட்டும் ஒரு வயதுக் குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் அந்த இளைஞனின் அடையாள அட்டைப் படம் வந்தது.

முப்பது ஆண்டுகளாக அந்தத் தலைப்புப் பிரச்சினை என்னைவிட்டுப் போகவில்லை. மன்னாரில் மண்ணைத் தோண்டும்போதெல்லாம் அது மீண்டும் எழுந்து வருகிறது.

அதைச் சொல்வதற்கு முன்னர், எங்கள் கரையில் சாவு எப்படி நடத்தப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் செத்தவீடு என்பதை மலர்ச்சாலையில் இரண்டு மணிநேரம் என்றே அறிவார்கள். இப்போது ஊரிலும் நேரடி ஒளிபரப்புக்காரர் வந்துவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் மகள் பார்ப்பதற்காகச் சவப்பெட்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவர்தான் தீர்மானிக்கிறார். குறை சொல்லவில்லை, விசா கிடைக்காத பிள்ளைக்கு வேறு வழி என்ன?

நான் சிறுவனாக இருந்தபோது சாவு முதலில் காதுக்குத்தான் வரும். கோயில் மணி திருப்பலிக்கு அடிப்பது வேறு, துக்கத்துக்கு அடிப்பது வேறு. ஒவ்வோர் அடிக்கும் இடையில் நீண்ட இடைவெளி விட்டு அடிப்பார்கள். அந்த இடைவெளியில் ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யார் படுக்கையில் கிடந்தவர் என்று மனதுக்குள் எண்ணிப் பார்க்கும். மணி கேட்டால் அன்று எவரும் தொழிலுக்கு இறங்குவதில்லை. வள்ளங்கள் கரையிலே கிடக்கும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர் சமைத்துக் கொண்டுவந்து, உண்ண மறுப்போரை வற்புறுத்தி உண்ணவைப்பார்கள்.

இரவில் செபமாலை முடிந்த பிறகு செத்தவீட்டுக்கு இரண்டு முகங்கள் வந்துவிடும். முற்றத்தில் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் ஆண்கள் சீட்டாடுவார்கள். தட்டத்தில் வெற்றிலையும் சுருட்டும் பீடியும் சுற்றி வரும். இறந்தவர் ஒருமுறை திருக்கை மீனோடு பட்ட பாட்டை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அச்சிரிப்பு எனக்குச் சிறுவயதில் பெரும் அதிர்ச்சியாக இருந்தது. உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்புச் சொல்லி அழுவார்கள். ஒப்பாரி என்று இலக்கியக்காரர் சொல்வதைத்தான் நாங்கள் ஒப்பு என்கிறோம். அது வெறும் அழுகை அன்று. இறந்தவர் எந்த ஆண்டில் எந்தக் கடனை அடைத்தார், யாருக்காகப் பிணை நின்றார், எந்த மருமகள் கஞ்சி கொடுக்கவில்லை, எந்தத் தம்பி காணியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான் என்பதெல்லாம் அதில் வரும். சம்பந்தப்பட்ட தம்பி பந்தலுக்குள்தான் நிற்பான். மறுவார்த்தை பேச முடியாது. என் பாட்டியார் ஒப்புச் சொல்வதில் பெயர் பெற்றவர். அவர் வருகிறார் என்றால் குற்றமுள்ளவர்கள் சீட்டு விளையாடும் பக்கமாக ஒதுங்கிவிடுவார்கள்.

ஒருமுறை புதிதாக வந்த சுவாமி ஒருவர், நம்பிக்கையற்றவர்களைப் போல அழலாகாது என்ற பவுலடியார் போதனையை எடுத்துக் கூறி, ஒப்பை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். தபசு காலத்தில் கோயிலிலே பசாம் படிக்கும்போது மாதா மகனை மடியில் கிடத்தி அழுவது மட்டும் ஆகுமா என்று பாட்டியார் திருப்பிக் கேட்டார். சுவாமி நல்ல மனிதர். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், அயர்லாந்து நாடகாசிரியர் ஜோன் மில்லிங்டன் சிங் எழுதி 1904இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் ரு த சீ’ என்னும் ஓரங்க நாடகத்தை வாசித்தேன். அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஆரன் தீவில் நடப்பது. கணவனையும் பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராகக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் கதை. தொலைதூரக் கரையில் ஒதுங்கிய உடல் தங்கள் சகோதரனுடையதுதான் என்பதை, காலுறையில் பின்னல் பிசகிய இடத்தை வைத்துச் சகோதரிகள் கண்டுகொள்கிறார்கள். ஒரு மகனுக்கென வாங்கி வைத்த பலகையில் மற்றொரு மகனுக்குப் பெட்டி செய்ய வேண்டி வருகிறது. விடுதி அறையில் மண்ணெண்ணெய் விளக்கில் அதை வாசித்தபோது, இது எங்கள் ஊர் என்று வாய்விட்டுச் சொன்னது நினைவிருக்கிறது.

அதன்பின் அயர்லாந்துச் சாவுச் சடங்குகளைத் தேடித் தேடி வாசித்தேன். அங்கும் இறந்தவரை இரவில் தனியே விடுவதில்லை. உயிர் போன நேரத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள், முகம் பார்க்கும் கண்ணாடியை மூடுவார்கள், ஆன்மா வெளியேற யன்னலைத் திறந்து வைப்பார்கள். வந்தவர்களுக்குக் களிமண் சுங்கானும் புகையிலையும் கொடுப்பார்கள். கதை, விளையாட்டு, சிரிப்பு எல்லாம் உண்டு. எங்கள் சுருட்டுத் தட்டத்துக்கும் அவர்களது புகையிலைத் தட்டத்துக்கும் இடையில் ஏழு கடல் தூரம். ஆனாலும் இரவு விழித்திருப்பவனுக்கு வேண்டியது எங்கும் ஒன்றுதான் போலும். அங்கும் ஒப்புச் சொல்லும் பெண்கள் இருந்தார்கள். 1773இல் கொல்லப்பட்ட தன் கணவன் ஆர்ட் ஓ லீரிக்காக அய்லீன் என்ற பெண் பாடியதாகக் கருதப்படும் ஒப்பு, அந்நாட்டு மொழியின் பேரிலக்கியங்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. கொன்றவர்களையும் அவர்களுக்குப் பின்னால் இருந்தவரையும் அது சும்மா விடவில்லை. ஆனால் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஆயர் மன்றங்கள் அவ்வழக்கத்தைக் கண்டித்துவந்தன. இருபதாம் நூற்றாண்டில் அது அநேகமாக மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அயர்லாந்துப் புனிதரான பத்திரிசியாரின் பெயரால் கல்லூரி இருக்கிறது. அந்த நாட்டுப் பெண்களின் அழுகையைப் பற்றி மட்டும் எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

ஒப்பும் விழிப்பும் சுருட்டும் சீட்டும் நடைபெற ஒன்று வேண்டும். நடுவில் ஓர் உடல் கிடக்க வேண்டும். சிங்கின் நாடகத்தில் அந்தத் தாய் கடைசியில் அமைதி அடைவதற்குக் காரணம், கடைசி மகனின் உடலாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் என நான் நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு விடியற்காலை, எங்கள் ஊர்க் கரையில் ஒரு சடலம் ஒதுங்கியது. இராமேசுவரத்துக்கு அகதிகளை ஏற்றிச் சென்ற படகுகள் கவிழ்ந்துகொண்டிருந்த காலம். முகம் மீன் தின்றிருந்தது. கழுத்தில் சிலுவையும் இல்லை, தாலியும் இல்லை. ஆண் என்பது மட்டும் தெரிந்தது. எந்தச் சமயம் என்று தெரியாததால் எங்கே அடக்குவது என்று மூப்பர் தயங்கினார். கரையில் ஒதுங்கியவன் ஊரவன்தான் என்று கிழவர்கள் சொன்னார்கள். மணி அடித்தார்கள். எவருக்கும் உறவில்லாத மனிதனுக்காக ஊர் முழுவதும் அன்று தொழிலுக்குப் போகவில்லை. என் தந்தையார் தம்முடைய புது வேட்டியைக் கொடுத்தார். பாட்டியார் ஒப்புச் சொன்னார். பெயர் தெரியாதவனுக்கு என்ன சொல்லி அழுவது? எங்கேயோ இருக்கும் அவனுடைய தாயின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு, அவள் சொல்லக் கூடியவற்றைச் சொன்னார். சேமக்காலையில் ஒரு மரச் சிலுவை நட்டு, அதில் திகதியை மட்டும் எழுதினார்கள்.

அதே காலத்தில், 1985 ஜனவரி 6ஆம் திகதி, தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் உள்ள வங்காலையில் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் இராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றிருக்கலாம் என்றுகூட அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்டது. எத்தனையோ பேரின் இறுதித் திருப்பலியை நிறைவேற்றி, எத்தனையோ கல்லறைகளை மந்திரித்த ஒரு குருவுக்குக் கல்லறை இல்லை. கடலில் வந்த அந்நியனுக்கு ஒரு கிராமம் செய்ததை, தன் குடிமகனாகிய ஒரு குருவுக்கு ஓர் அரசு செய்யவில்லை.

சாவை இப்படிக் கையாள்வதில் எந்தத் தரப்புக்கும் சலுகை தர நான் ஆயத்தமாக இல்லை. புலிகள் கொண்டுபோனவர்களின் உடல்களும் வீடுகளுக்கு வரவில்லை. அவர்களுக்காக அழுவதற்கே பெண்கள் அஞ்சிய ஆண்டுகள் இருந்தன. மறுபக்கத்தில், மன்னார் ஆட்காட்டிவெளி உட்பட வடகிழக்கின் துயிலும் இல்லங்களைப் படையினர் உழுது அழித்தனர். மாண்டவன் எந்தச் சீருடை அணிந்திருந்தாலும், தாயின் கணக்கில் அது பிள்ளையின் குழி. கொரோனாக் காலத்தில் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே கூறியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்களை இந்நாடு பலவந்தமாக எரித்தது. இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். பின்னர் இரணைதீவில் அடக்கலாம் என்று எவரையும் கேளாமல் அறிவித்து, படையினரிடமிருந்து தம் மண்ணை அப்போதுதான் மீட்டிருந்த கத்தோலிக்க மீனவரை முஸ்லிம்களோடு மோதவிடப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை, அடக்கம் ஓட்டமாவடிக்குப் போயிற்று. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்தது எரிந்ததுதான்.

இராமேசுவரத்தில் ஆபில் காபில் தர்கா இருக்கிறது. எங்கள் கரையிலிருந்து நீர்ப்பரப்பைத் தாண்டினால் அதுதான். மானிடத்தின் முதற் கொலையில் மாண்டவனும் கொன்றவனும் அங்கே அடங்கியிருக்கிறார்கள் என்பது நம்பிக்கை. தம்பியைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று அறியாமல் நின்ற அண்ணனுக்கு, மண்ணைக் கிளறிப் புதைக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு காகம் என்று திருக்குர்ஆன் சொல்கிறது. கொலைகாரனும்கூடப் புதைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி சதொசப் புதைகுழிக்கு வருகிறேன்.

2018 மார்ச்சில், மன்னார் நகர வாயிலில், பஸ் நிலையத்துக்கு எதிரே சதொச கட்டடத்திற்கு அத்திவாரம் வெட்டினார்கள். வெட்டிய மண் விற்கப்பட்டது. எமில் நகரில் ஒரு வீட்டுக்காரர் வளவை உயர்த்துவதற்காக வாங்கிய மண்ணில் மனித எலும்புகள் காணப்பட்டன. நீதிவானின் உத்தரவின்பேரில், சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ஷவின் தலைமையிலும் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் பங்களிப்போடும் 150 நாட்களுக்கு மேல் அகழ்வு நடந்தது. காணாமற்போனோர் அலுவலகம் செலவை ஏற்றது. முந்நூறுக்கும் அதிகமான மனித எச்சங்கள் வெளிவந்தன. இருபதுக்கும் மேற்பட்டவை சிறுவர்களுடையவை. ஒழுங்காகக் கிடத்தியவையும் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தவையும் இருந்தன. வேலிக்கு வெளியே தாய்மார் வந்து நின்று பார்த்தார்கள். நானும் நின்றிருக்கிறேன். தூரிகையால் மண்ணைத் துடைக்க ஒரு மண்டையோட்டின் பல்வரிசை வெளிப்பட்டபோது, எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் ஒருவர் தம் மகனுக்கு முன்பல் ஒன்று சற்று முன்தள்ளி இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். ஆரன் தீவுச் சகோதரிகள் காலுறைப் பின்னலைத் தேடியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

ஒரு சில மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் காபன் பரிசோதனை முடிவு வந்தது: அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை. உடனே ஒரு சாரார் கைதட்டினார்கள். போர்க்காலத்தவை அல்லவாம், ஆகவே கதை முடிந்ததாம். மறுசாரார் முடிவையே நம்ப மறுத்தார்கள். இதற்கு முன்னர், 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோதும், அது பழைய மயானம் என்றே அதிகாரிகள் சொன்னார்கள். சைவர் பாலாவிக் கரையில் பிதிர்க்கடன் செய்யச் செல்லும் வழி அது. இரண்டு முறை ஒரே பதிலைக் கேட்டவர்கள் சந்தேகப்பட்டால் அவர்களைக் கடிந்துகொள்ள என்னால் முடியாது.

ஆயினும் ஆய்வுகூட முடிவைப் பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன். அந்தக் கால எல்லைக்குள் 1544 அடங்குகிறது என்பதைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை, மன்னார்த் தீவில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய அறுநூறுக்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்ற ஆண்டு அது. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களின் நினைவாகவே நிற்கிறது. சதொச எலும்புகள் அவர்களுடையவை என்று நான் சொல்லவில்லை. அதற்கும் சான்று இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவை வேதசாட்சிகளுடையவையாக இருந்தாலும், கொள்ளைநோயில் மாண்டவர்களுடையவையாக இருந்தாலும், முத்துக்குளிக்க வந்து கரையில் செத்த பரதேசிகளுடையவையாக இருந்தாலும், அவர்கள் மனிதர்கள் அல்லரா? எந்தக் காலத்து எலும்பு என்ற கேள்விக்கு விடை வந்தவுடன், யாருடைய எலும்பு என்ற கேள்வியையும், அதை என்ன செய்வது என்ற கேள்வியையும் சேர்த்து மூடிவிட்டார்கள். வழக்குத் தவணைகளும் அறிக்கைகளும் தொடர்ந்தன. அந்த எச்சங்கள் பெட்டிகளில் இலக்கம் இடப்பட்டு, நீதிமன்றப் பொறுப்பில் இருந்தன. பெயர் தெரியாத ஒருவனுக்காக ஊர் முழுவதும் தொழிலை நிறுத்திய தீவில், முந்நூறு பேருக்கு ஒரு மணி அடிக்கவில்லை.

ஆயரில்லங்களும் கோயில் தருமகர்த்தா சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒன்றுசேர்ந்து இதை நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அவசரப்பட்டுப் புதைக்கச் சொல்லவில்லை. அது சிலருக்கு மிகவும் வசதியாகப் போய்விடும். சில மாதிரிகளை வைத்து முந்நூறு பேரின் காலத்தையும் முடிவுசெய்யாமல், எலும்புகள் முழுவதையும் ஆராய்ந்து, அறிக்கையைத் தமிழில் வெளியிட்டு, மரபணுப் பதிவுகளையும் பாதுகாத்து, அதன்பின் இந்தத் தீவின் மண்ணிலேயே அடக்க வேண்டும். எந்தச் சமய முறைப்படி என்று கேட்டால், மூன்று முறைகளும் ஆகட்டும் என்பேன். எங்கள் கிழவர்கள் கடலில் வந்தவனின் சமயத்தைக் கேட்கவில்லை.

இவ்விடத்தில் அயர்லாந்து மீண்டும் வருகிறது. வட அயர்லாந்துப் போர்க்காலத்தில் ஐ.ஆர்.ஏ. முதலிய ஆயுதக் குழுக்களால் இரகசியமாகக் கொன்று புதைக்கப்பட்டவர்களைத் தேட 1999இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தகவல் தருபவர் மீது அந்தத் தகவலைக் கொண்டு வழக்குத் தொடர முடியாது. நோக்கம் உடலைக் கண்டெடுத்து உறவினரிடம் ஒப்படைப்பது மட்டுமே. சதுப்பு நிலங்களைக் கிளறிக் கிளறித் தேடி, பட்டியலில் இருந்தவர்களுள் பெரும்பாலோரைக் கண்டெடுத்துவிட்டார்கள். 1972இல் கொண்டுபோகப்பட்ட, பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மக்கொன்வில், 2003இல் ஒரு கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டார். முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், நரைத்துப்போன பிள்ளைகள் தாயின் பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள்.

அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கு கொண்டுவரலாம் என்று கொழும்பில் சில அறிஞர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அங்கே கொன்று புதைத்தது ஓர் ஆயுதக் குழு, பெயர்களை ஒப்புக்கொண்டது, தேடியது இரண்டு அரசுகள். இங்கே குற்றம்சாட்டப்பட்ட தரப்பே தேடுபவராகவும் நிற்கிறது. உடலைத் தருகிறோம், நீதியை விட்டுவிடுங்கள் என்று பேரம் பேசுவதற்குக்கூட எவரும் உடலைத் தரவில்லை. பதிலாக 2016இன் சட்டத் திருத்தத்தின் மூலம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. மரணச் சான்றிதழைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வங்கிக் கணக்கையும் காணி உறுதியையும் கையாள அது உதவும். 2022இல் அத்தகைய குடும்பங்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. ஓர் இலட்சம் ரூபாயை எந்தத் தலைப்பின் கீழ் பெற்றுக்கொள்வது என்று தாய்மார் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது.

2011 ஜனவரியில், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றி, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவர் எங்கள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. அரச செயலகங்களின் சனத்தொகைப் பதிவுகளில் இருந்தே அந்தத் தொகையை அவர் கணக்கிட்டிருந்தார். விடை வரவில்லை. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று அவர் இறந்தார். மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அவரை அடக்கியபோது, கொரோனாக் கட்டுப்பாடுகளையும் மீறி மக்கள் திரண்டார்கள். பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் அன்று ஒப்புச் சொல்லி அழுததைக் கேட்டேன். ஆயருக்காக மட்டும் அழுததாக எனக்குத் தோன்றவில்லை. கண்முன்னே ஓர் உடல் கிடைத்த நாள் அது.

சென்ற கார்த்திகை 2ஆம் திகதி, ஆத்துமாக்கள் தினத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாலையில் சேமக்காலை முழுவதும் மெழுகுதிரி வெளிச்சம். பெற்றோரின் கல்லறையில் திரி ஏற்றிவிட்டு, கடலில் வந்தவனின் இடத்தைத் தேடினேன். பழைய மரச் சிலுவை உக்கிப்போய், எவரோ சீமெந்துச் சிலுவை வைத்திருந்தார்கள். திகதியும் இல்லை. ஆனால் அதன் முன்னே ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு முதிய பெண் மணலில் அமர்ந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கைக்குட்டையில் பணம் முடிந்து வந்த அதே அம்மா. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகு, வாழ்த்துப் போட்ட தம்பியா என்று கேட்டார்.

மகனுக்காகத் திரி வைக்கிறீர்களா என்று கேட்டேன்.

“அவனுக்கு நான் வைக்கேல்லை. வைக்கவும் மாட்டன். இது ஆற்ற பிள்ளையோ. இவனுக்கு நான் வைச்சால், எங்கயாவது என்ர பிள்ளைக்கும் ஆரும் ஒரு தாய் வைப்பாள் எல்லே,” என்றார்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். பின்னர் அவரே, சதொசவில் எடுத்த எலும்புகளை எப்போது தாட்பார்கள் என்று கேட்டார். இன்னும் கோட்டில்தான் இருக்கிறது என்றேன்.

“அங்க திரி வைக்க விடுவினமோ?” என்று கேட்டார்.